கேள்வித்தாளைத் திருத்திய கணிதவியலாளர்

கணிதப் பேராசிரியர் ஒருவர் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தால், எல்லாவற்றையும் சூத்திரம் போட்டுத் தீர்த்துவிடுவார் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். அதை எண்ணியே சிலர் அஞ்சுவார்கள். 1970 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மத் கல்லூரியின் 13ஆவது தலைவராகப் பொறுப்பேற்ற ஜான் கெமெனி இந்த இரு தரப்பாரையும் ஏமாற்றினார். அவர் பதவியிலிருந்த பதினோரு ஆண்டுகளில் அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது, கல்வியாண்டையே மாற்றி அமைத்தது, இருநூறு ஆண்டுகளாக மறந்திருந்த ஒரு வாக்குறுதியைத் தூசி தட்டி எடுத்தது. இவற்றில் எதற்கும் உயர்கணிதம் தேவைப்படவில்லை. பெருக்கல், வகுத்தல் போதுமாக இருந்தன. அவர் கொண்டுவந்தது வேறொரு பழக்கம். வகுப்பில் பாதிப் பேர் ஒரே கேள்வியில் இடறினால், நல்ல ஆசிரியர் விடைத்தாள்களோடு நிற்காமல் கேள்வித்தாளையும் எடுத்துப் பார்ப்பார். கெமெனி கணினியிடமும் கல்லூரியிடமும் கடைசியில் ஓர் அணுமின் நிலையத்திடமும் செய்தது இதைத்தான் என்பது என் கணிப்பு.

1926 மே 31 அன்று புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தை ஏற்றுமதி இறக்குமதி வணிகர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, அடுத்து என்ன வரும் என்பதைத் தந்தை ஊகித்துவிட்டார். தனியாக அமெரிக்காவுக்குப் போய், 1940இல் மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார். ஊரைவிட்டு வர மறுத்த தாத்தா யூதப் படுகொலையில் மாண்டார். நியூயார்க்கில் வந்திறங்கிய சிறுவனுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. மூன்றே ஆண்டுகளில் அவன் உயர்நிலைப் பள்ளியில் வகுப்பின் முதல் மாணவனாகத் தேறி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனான்.

படிப்பின் நடுவே ராணுவம் அழைத்துக்கொண்டது. அனுப்பிய இடம் லாஸ் அலமோஸ். அங்கே அணுகுண்டு தயாராகிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயதைக்கூட எட்டாத கெமெனி, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் கீழ் இயங்கிய கணக்கீட்டுக் குழுவில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த இயந்திரங்கள் உண்மையில் வணிக நிறுவனங்களின் கணக்கு வழக்குக்காக ஐபிஎம் செய்த துளை அட்டை இயந்திரங்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, அட்டைக் கட்டுகளை ஒரு பொறியிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் சுமந்து, இரவு பகலாக ஓட்டினால் ஒரேயொரு வகைக்கெழுச் சமன்பாட்டின் விடை வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். பின்னாளில் அவர் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை: அன்று ஒரு குழு ஓராண்டு முழுவதும் உழைத்துப் போட்ட கணக்கை, 1970களில் டார்ட்மத்தின் இளநிலை மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார், அதுவும் அதே கணினியை வேறு பலர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே. கணிதவியலாளர் ஜான் ஃபான் நாய்மன் லாஸ் அலமோஸில் ஆற்றிய உரை ஒன்றில்தான், நிரலைத் தன்னுள்ளேயே சேமித்துவைக்கும் கணினி என்ற எண்ணத்தை அவர் முதன்முதலில் கேட்டார்.

போருக்குப் பின் மீண்டும் பிரின்ஸ்டன். தர்க்கவியலாளர் அலான்சோ சர்ச்சின் வழிகாட்டலில், வகைக் கோட்பாட்டையும் கணக் கோட்பாட்டையும் ஒப்பிட்ட ஆய்வுக்காக 1949இல் முனைவர் பட்டம். அதே காலத்தில் உயர்கல்வி ஆய்வுக் கழகத்தில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். ஐன்ஸ்டைனுக்கு உதவும் அளவுக்கு உங்களுக்கு இயற்பியல் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு விடை தயாராக வைத்திருந்தார். இயற்பியலில் ஐன்ஸ்டைனுக்கு யார் உதவியும் தேவையில்லை, கணிதத்தில்தான் தேவைப்பட்டது என்பது அது. இந்தப் பகுதி எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் முதலிடம் பிடித்துவிடுகிறது. ஐன்ஸ்டைன் பெயர் வந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் கெமெனியின் பிற்காலத்தை ஐன்ஸ்டைனின் அறையைவிட லாஸ் அலமோஸின் அட்டைக் கட்டுகளே அதிகம் விளக்குகின்றன.

1953இல் டார்ட்மத் அவரை முழுப் பேராசிரியராகவே எடுத்துக்கொண்டது, வயது 27. மூத்த பேராசிரியர்கள் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்ததால் துறையை அடியிலிருந்து கட்ட ஆள் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர் துறைத்தலைவரானார், 1967 வரை நீடித்தார். அங்கே அவர் கண்ட சிக்கல் இது: மாணவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் அறிவியலோ பொறியியலோ படிக்கப்போவதில்லை. ஆனால் கணிதம் என்று அவர்கள் முன் வைக்கப்பட்டதோ இயற்பியல் மாணவருக்காக வகுக்கப்பட்ட நுண்கணிதம் மட்டுமே. அதில் அவர்கள் தடுமாறினால், தலையில் கணிதம் ஏறாதவர்கள் என்று முத்திரை குத்திவிடுவது எளிது. கெமெனி, லாரி ஸ்னெல், ஜெரால்ட் தாம்சன் மூவரும் 1957இல் வெளியிட்ட பாடநூல் வேறு வழியைக் காட்டியது. தர்க்கம், கணங்கள், நிகழ்தகவு, அணிகள், மார்க்கோவ் சங்கிலிகள் என்று சமூக அறிவியல் மாணவருக்கு உண்மையிலேயே பயன்படும் பகுதிகளை எடுத்து, நுண்கணிதத்தின் துணையின்றிக் கற்பித்தது. முடிவுறு கணிதம் என்ற பாடம் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவ அந்த நூல் பெருங்காரணம்.

ஆய்விலும் அவர் இளைத்தவர் அல்லர். மார்க்கோவ் சங்கிலி என்பது, இப்போதைய நிலையை மட்டும் பொறுத்த நிகழ்தகவின்படி ஒவ்வோர் அடியிலும் அடுத்த நிலைக்குத் தாவும் ஓர் அமைப்பு. அதில், இப்போது நிற்கும் நிலையிலிருந்து, நீண்டகால நிகழ்தகவின்படி தற்செயலாகத் தேர்ந்தெடுத்த இன்னொரு நிலையைச் சென்றடையச் சராசரியாக எத்தனை அடிகள் ஆகும்? எங்கிருந்து புறப்பட்டாலும் விடை ஒன்றுதான் என்பது கெமெனி மாறிலி. நிறுவுவது கடினமன்று, ஏன் அப்படி என்று உள்ளுணர்வுக்கு எட்டும்படி சொல்வதுதான் கடினம். அப்படிச் சொல்பவருக்குப் பரிசு உண்டு என்றுகூட அறிவித்திருந்தார்கள். 1983இல்தான் பீட்டர் டாய்ல், ஸ்னெல்லுடன் நடந்துபோகையில், ஒரு விளக்கம் சொன்னார். 1959இல் கெமெனி எடுத்துக்கொண்ட இன்னொரு கேள்வி, நிபுணர்கள் பலர் தங்கள் விருப்ப வரிசைகளைத் தந்தால் அவற்றிலிருந்து பொது வரிசை ஒன்றை எப்படிப் பெறுவது என்பது. வரிசைப்படுத்த வேண்டியவற்றை இரண்டிரண்டாக ஒப்பிடும்போது நிபுணர்களின் வரிசைகளோடு எழும் முரண்கள் எந்த வரிசையில் மிகக் குறைவோ அதை எடு என்றார். தேர்தல் முறைகளைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் முறை அது.

அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது இவை எதுவுமல்ல. பேசிக் என்ற நிரல்மொழி. 1956இல் அவர் துறைக்கு அழைத்துவந்த புள்ளியியலாளர் தாமஸ் கர்ட்ஸ், டார்ட்மத்தில் கணினி இல்லாத நாட்களில், துளை அட்டைகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு அதிகாலை ரயிலில் பாஸ்டனுக்குப் போய், எம்ஐடி பல்கலைக்கழகத்தின் கணினியில் ஓட்டிவிட்டுத் திரும்புவார். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்தப் பயணம் வீண். அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைய கணினி உலகம் முழுக்கவே ஏறக்குறைய இப்படித்தான் இயங்கியது. இயந்திரம் விலை உயர்ந்தது, அதன் நேரம் பொன்னானது, மனிதர் வரிசையில் நிற்கலாம் என்பதே எழுதப்படாத விதி.

முன்பு டார்ட்மத்தில் பணியாற்றி எம்ஐடிக்குச் சென்றிருந்த கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி, நேரப் பகிர்வை முயன்று பாருங்கள் என்று கர்ட்ஸிடம் சொன்னார். ஒரே கணினி பல முனையங்களுக்கு நொடியின் சிறு சிறு துண்டுகளை மாற்றி மாற்றித் தந்தால், ஒவ்வொருவருக்கும் அது தனக்கே சொந்தமானது போலத் தோன்றும். தேசிய அறிவியல் அறக்கட்டளை 3,00,000 டாலர் தந்தது. இயங்குதளத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். அனுபவமற்ற பையன்களை நம்பி இவ்வளவு பெரிய வேலையா என்று நிதி வழங்கியோரின் மதிப்பீட்டாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பேசிக்கில் எழுதியதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மொழிமாற்றியின் முதல் வடிவத்தை 1963இல் எழுதத் தொடங்கியவர் கெமெனியே. 1964 மே 1, விடியற்காலை நான்கு மணி. கல்லூரிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் அவரும் ஒரு மாணவரும் பக்கத்துப் பக்கத்து டெலிடைப் என்ற தொலைத் தட்டச்சுப் பொறிகளில் தத்தம் நிரலை ஓட்டும்படி ஒரே சமயத்தில் கட்டளையிட்டார்கள். இருவருக்கும் சரியான விடை வந்தது.

அந்த மொழியில் இருந்த கட்டளைகள் மொத்தம் 14. இதைவிடத் திறமான மொழிகள் அப்போதே இருந்தன. ஃபோர்ட்ரானை மாணவர்கள் கற்றுக்கொள்ளட்டுமே என்று சொல்வதும் நியாயமாகவே ஒலித்திருக்கும். கெமெனியும் கர்ட்ஸும் ஃபோர்ட்ரானைச் சுருக்கிப் பார்த்தார்கள், அல்காலைச் சுருக்கிப் பார்த்தார்கள், இரண்டும் சரிப்படவில்லை. வரலாறோ இலக்கியமோ படிக்கிற மாணவர் தடுமாறுவது அவர் குறையல்ல, மொழியின் குறை என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். முழு எண்ணுக்கும் பின்ன எண்ணுக்கும் தனி வகை தேவையில்லை, பிழைச் செய்தி படிப்பவருக்குப் புரிய வேண்டும், இரண்டு மூன்று விரிவுரைகளில் மாணவர் தானே நிரல் எழுதத் தொடங்க வேண்டும். கணினியைப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. நூலகத்தில் எந்த மாணவரும் திறந்த அடுக்குக்குப் போய் நூலை எடுக்கிறாரே, கணினியும் அப்படி இருக்க வேண்டும் என்பது கெமெனியின் நிலைப்பாடு. மாணவர்கள் விளையாடினாலும் அவர் கவலைப்படவில்லை. டார்ட்மத் அணி பிரின்ஸ்டனை அமெரிக்கக் கால்பந்தில் வென்ற மகிழ்ச்சியில் அவரே அந்த ஆட்டத்தைப் போலச் செய்யும் விளையாட்டு நிரல் ஒன்றை எழுதினார்.

இனி தலைவர் பதவி. அமெரிக்கக் கல்லூரியின் தலைவர் பாடம் நடத்த வேண்டியதில்லை. நிதி திரட்டுவதும், அறங்காவலர் குழுவுக்குப் பதில் சொல்வதும், முன்னாள் மாணவர்களின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுமே பெரும்பகுதி. கெமெனி ஆண்டுக்கு இரண்டு பாடங்கள் நடத்துவதைப் பதவிக்காலம் முழுதும் விடவில்லை. பொறுப்பேற்று இரண்டு மாதம் கடந்த சில நாட்களிலேயே சோதனை வந்தது. மே 4 அன்று ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், கம்போடியா மீதான படையெடுப்பை எதிர்த்துப் போராடிய மாணவர்களை நோக்கித் தேசியக் காவல்படை சுட்டதில் நால்வர் இறந்தார்கள். நாடெங்கும் கல்லூரிகள் கொதித்தன. டார்ட்மத்திலும் கொதிப்புக்குக் குறைவில்லை. முந்தைய ஆண்டுதான் நிர்வாகக் கட்டடத்தை மாணவர்கள் கைப்பற்றி, போலீஸ் வந்து கைது செய்திருந்தது. கெமெனி ஒரு வாரத்துக்கு வகுப்புகளை நிறுத்தி, போரைப் பற்றிப் பேசுவதற்கே அந்த நேரத்தை ஒதுக்கினார். மாநிலத்தின் பெரிய நாளேடு அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. வளாகத்தில் வன்முறை நடக்கவில்லை.

பெண்களைச் சேர்ப்பதில் டார்ட்மத் பின்தங்கியிருந்தது. யேலும் பிரின்ஸ்டனும் 1969இலேயே இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துவிட்டன. 1769இல் நிறுவப்பட்ட டார்ட்மத்துக்கோ ஆண்கள் கல்லூரி என்பதே முன்னாள் மாணவர்களின் பெருமையாக இருந்தது. அவர்களிடம் ஆண்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டு நன்கொடை கேட்கப் போக முடியாது. குறைக்காமல் பெண்களைச் சேர்த்தால் விடுதிகள் போதாது, கட்டப் பணமும் இல்லை. இங்கேதான் அந்தப் பெருக்கல் வகுத்தல் வருகிறது. ஆண்டுக்கு மூன்று பருவங்கள் வகுப்பு நடந்து கோடையில் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நான்கு பருவங்களும் வகுப்பு நடந்து, மாணவர்கள் சுழற்சி முறையில் வெளியே இருந்தால், அதே கட்டில்களும் அதே வகுப்பறைகளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மாணவர்களுக்குப் போதும். மூவாயிரம் பேர் இருந்த இடத்தில் நாலாயிரம் பேர். ஒவ்வொரு மாணவரும் ஒரு கோடைப் பருவத்தையாவது வளாகத்தில் கழிக்க வேண்டும். எப்போது வெளியே இருப்பது என்பதைப் பெருமளவு தாமே வகுத்துக்கொள்ளலாம். 1971 நவம்பரில் அறங்காவலர் குழு ஒப்புதல் தந்தது. 1972 இலையுதிர்ப் பருவத்தில் பெண்கள் வந்தார்கள்.

இதை வெறும் சாதனையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த ஏற்பாடு ஆண்களுக்கு எதையும் இழக்கச் செய்யவில்லை என்பதே அதன் சாமர்த்தியம், குறையும் அதுதான். மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்ற வரம்பு வைக்கப்பட்டதால், சேர்க்கையில் பெண்கள் கடுமையான போட்டியைத் தாண்டி வந்தார்கள். வந்தபின் எங்கு பார்த்தாலும் சிறுபான்மையினராக இருந்தார்கள். அவர்களை நோக்கிய ஏளனமும் பகைமையும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. ஆண்டு முழுதும் இயங்கும் கல்லூரியில் நண்பர்கள் ஒருவர் வரும்போது மற்றவர் வெளியே இருப்பார், ஆசிரியர்களுக்கும் ஓய்வு சிதறிப்போகும். அந்த வரம்பு நீதியானதன்று என்பது கெமெனிக்குத் தெரியும். அறங்காவலர்களிடம் எவ்வளவு பெற முடியும் என்பதும் தெரியும். அவருடைய பதவிக்காலத்தின் பிற்பகுதியில் அந்த எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது. அதுவரை காத்திருந்திருக்க வேண்டுமா என்று கேட்டால், காத்திருந்திருந்தால் 1972இல் ஒரு பெண்கூட வந்திருக்கமாட்டார் என்பதே என் பதில். அந்தப் பதில் எனக்கே முழு நிறைவு தரவில்லை.

பூர்வகுடியினர் விஷயத்தில் அவருக்கு முன்னால் இருந்தது ஓர் எழுத்துப்பூர்வமான வாக்கு. டார்ட்மத்தின் 1769ஆம் ஆண்டுச் சாசனம், அமெரிக்கப் பூர்வகுடி இளைஞர்களுக்குக் கல்வி தருவதைக் கல்லூரியின் நோக்கமாகவே சொல்கிறது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் பட்டம் பெற்ற பூர்வகுடியினர் 19 பேர். பதவியேற்பு உரையிலேயே கெமெனி இதை எடுத்துப் பேசினார். அந்த ஆண்டே அவர்களுக்கான திட்டம் தொடங்கியது. 1972இல் பூர்வகுடி ஆய்வுகள் ஒரு பாடத்துறையாக உருவெடுத்தது. விளையாட்டு அணிகளுக்கு வழங்கிவந்த "இந்தியர்கள்" என்ற அடையாளத்தை அறங்காவலர்கள் 1974இல் கைவிட்டபோது, அதுவரை பூர்வகுடியினர் கல்வியைப் பற்றிக் கவலைப்படாத முன்னாள் மாணவர்கள் பலர் மனம் புண்பட்டார்கள்.

1979 மார்ச் 28 அன்று, இதுவும் விடியற்காலை நான்கு மணிக்குத்தான், பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் விபத்து தொடங்கியது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் அமைத்த 12 பேர் கொண்ட விசாரணைக் குழுவுக்குக் கெமெனி தலைவர். நிலைய ஊழியர்கள் தவறு செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. உலையைக் குளிர்விக்க அவசர நீர் தானாகப் பாயத் தொடங்கியிருந்தது. அதை அவர்கள் பெருமளவு குறைத்துவிட்டார்கள். அத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். அக்டோபர் 30 அன்று வந்த அறிக்கை, அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மீண்டும் மூடாமல் சிக்கி, குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, மூடும்படி மின்கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது, வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலறின. எது முக்கியம் என்று பிரித்தறிய வழியில்லை. எச்சரிக்கைகளைப் பதிவுசெய்யும் அச்சுப்பொறி ஒரு கட்டத்தில் நிகழ்வுகளுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. 1977இல் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வால்வுக் கோளாறும் இதே தவறான எதிர்வினையும் நிகழ்ந்திருந்தன. உலையைச் செய்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவர், விபத்துக்கு 13 மாதங்களுக்கு முன்பே, ஊழியர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் தரவேண்டும் என்று குறிப்பு எழுதினார். அது அலுவலகங்களுக்கிடையே சுற்றிக்கொண்டிருந்ததே தவிர, கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவில்லை.

கருவிகளைவிட மனிதர் சார்ந்த பகுதியே பழுதுபட்டிருக்கிறது என்றது குழு. அந்த மனிதர்களில் பொத்தானை அழுத்தியவரோடு பயிற்சி தந்தவர், கைந்நூல் எழுதியவர், கட்டுப்பாட்டுப் பலகையை வடிவமைத்தவர், அணுமின்சாரம் போதிய அளவு பாதுகாப்பானது என்று நம்பி அமர்ந்திருந்த ஒழுங்குமுறை ஆணையம் எல்லோரும் அடக்கம். லாஸ் அலமோஸில் பணியாற்றியவரின் தலைமையில் இந்த முடிவு வந்ததற்குத் தனி எடை இருந்தது; அணு என்றாலே அஞ்சுபவர் என்று அவரை யாரும் ஒதுக்கிவிட முடியாது. புதிய உலைகள் கட்டுவதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாமா என்பதில் மட்டும் குழு முடிவுக்கு வர முடியவில்லை. நிறுத்தத்தை விரும்பியவர்கள் பலர் இருந்தும், எந்த ஒரு வடிவத்துக்கும் பெரும்பான்மை சேரவில்லை. பல வரிசைகளிலிருந்து ஒரு பொது வரிசையைப் பெறும் முறையை இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியவரே அந்த மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஐந்து பேர் கொண்ட ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலைத்து ஒரே நிர்வாகியை அமர்த்த வேண்டும் என்ற பரிந்துரையைக் கார்ட்டர் ஏற்கவில்லை. ஆணையத்தை வைத்துக்கொண்டு அதன் தலைவருக்கு அதிகாரத்தைக் கூட்டினார். ஊழியர் பயிற்சியும் கட்டுப்பாட்டு அறை வடிவமைப்பும் உண்மையாகவே மாறின.

1981இல் கெமெனி பதவியை விட்டு இறங்கினார், ஆனால் வகுப்பறையை விடவில்லை. 1990 வரை பாடம் நடத்தினார். இடையில் ஒரு மனக்குறை. பேசிக்கை அவரும் கர்ட்ஸும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற சிறு கணினிக்காக அதன் ஒரு வடிவத்தை எழுதினார்கள். தொடர்ந்து வீட்டுக் கணினி ஒவ்வொன்றிலும் ஒரு பேசிக் முளைத்தது. சிறிய நினைவகத்துக்குள் திணிப்பதற்காக மொழியை வெட்டியும் ஒட்டியும் வைத்திருந்தார்கள். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாது. டார்ட்மத்தில் அந்த மொழி 1970களிலேயே வெகுதூரம் முன்னேறியிருந்தது. வெளியுலகமோ வரி எண்ணும் தாவல் கட்டளையும் நிறைந்த பழைய வடிவத்தையே பேசிக் என்று அறிந்து, கெட்ட பழக்கம் கற்றுத்தரும் மொழி என்று ஏசியது. கோபத்தோடு இருவரும் 1980களின் நடுவில் ட்ரூ பேசிக் என்ற தங்கள் வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கணினியோடு இலவசமாக வந்த பேசிக்குகளுடன் விலை கொடுத்து வாங்க வேண்டிய பேசிக் போட்டியிட முடியவில்லை. 1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக்குக்கு வரி எண்கள் தேவைப்படவில்லை. 1992 டிசம்பர் 26 அன்று, 66ஆம் வயதில், கெமெனி இறந்தபோது, விண்டோஸ் நிரலாளர்களிடையே அது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது.